பட்டறைத் திண்ணை: காயலான் கடைக் கியர் பாக்ஸை நம்பலாமா?

(விழுப்புரம் பக்கம் 38 ஆண்டுகள் கார் பட்டறை நடத்திவிட்டு, சாவியை மகனிடம் ஒப்படைத்த மெக்கானிக் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாருதி 800. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது கரகரவென்று அரைக்கிறது. மற்ற கியர்கள் சாதுவாக விழுகின்றன. "கியர் பாக்ஸையே மாற்றிவிடலாம்" என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கினால் தாங்குமா? எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், திண்டிவனம்

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் அரைத்தால், கிளச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிளை இழுத்துப் பார்த்தாலே சரியாகிவிடலாம். ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. பல்லும் பல்லும் சேர்வதற்கு முன்னால் கியரின் கூம்பைப் பிடித்து உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்குவது அந்தப் பித்தளை வளையத்தின் வேலை. அதன் உள்பக்க வரிகள் மழுங்கினால் பிடி வழுக்கும், பற்கள் மோதும்.

சந்தேகம் இருந்தால் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். அப்போது சத்தமில்லாமல் விழுந்தால் குற்றவாளி ரிங்தான். அதற்காக முழு பாக்ஸையும் மாற்றுவது, ஒரு பல் வலித்தால் தாடையையே மாற்றச் சொல்வது போல.

எனவே முதலில் உங்கள் பாக்ஸை இறக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தி, ரிங்கின் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். புது ரிங்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ரிங்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். தேயத்தான் அது பிறந்திருக்கிறது, அடுத்தவர் வண்டியிலும் தேய்ந்துதான் இருக்கும். கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் மூன்றுக்கும் இதே விதி.

ஆனால் இத்தனை நாள் அரைத்ததில் கியரின் பக்கவாட்டுச் சிறு பற்களும், அவற்றின் மேல் வந்து அமரும் ஸ்லீவின் பற்களும் முனை உருண்டிருக்கக்கூடும். பென்சில் சீவியதுபோல் கூராக இருக்க வேண்டிய முனை அது. உருண்டிருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை. அப்போதுதான் புதுப்பேட்டைக்கு ரயிலேற வேண்டும். கடைசி மாருதி 800 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 2014 ஜனவரியில். புதுக் கியர் கேட்டு நீங்கள் ஏறி இறங்கப்போகும் படிகளை நினைத்தால் காயலான் கடையே மேல்.

எழும்பூரில் இறங்கினால் கூப்பிடு தூரம்தான். பழைய கியரையும் ஸ்லீவையும் மண்ணெண்ணெயில் கழுவி, பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் வர்ணித்து வாங்கியவர்கள்தான் இரண்டாம் முறை ரயிலேறுகிறார்கள். "ஆம்னியும் 800ம் ஒரே எஞ்சின் சார்" என்று ஒருவர் ஆம்னி பாக்ஸைக் காட்டலாம். எஞ்சினைப் பற்றி அவர் சொல்வது உண்மை. ஆனால் ஆம்னியில் எஞ்சின் நெடுக்காக அமர்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. உங்கள் வண்டியில் குறுக்காக அமர்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அந்த பாக்ஸ் உங்களுக்கு எடைக்குப் போடத்தான் உதவும்.

இன்னும் வண்டியிலிருந்து கழற்றாத பாக்ஸ் கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம். கிலோமீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கிளச் பெடலின் ரப்பரைப் பாருங்கள், பிறகு கீழே குனிந்து டிரெயின் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் குழைந்த பொடி இருப்பது இயல்பு. தங்கத் தூள் மாதிரி மின்னினால் அந்த வண்டியிலும் ரிங் தேய்ந்திருக்கிறது. நகத்தளவு இரும்புச் சில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பால் விட்ட காபி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இந்தக் கடைசி வரிக்கு நான் கட்டணம் கட்டியிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடுத்த கோடையில் ஒரு கடையில் பளபளவென்று துடைத்து வைத்திருந்த பாக்ஸை வாங்கி வந்தேன். எண்ணெய் ஏற்கெனவே வடிக்கப்பட்டிருந்தது. "ஏன் வடித்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவசரம், கேட்கவில்லை. பத்தே நாளில் நாலாவது கியரில் ஊளைச் சத்தம். பிரித்துப் பார்த்தால் பேரிங் குண்டுகளில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். நீரில் மூழ்கிய வண்டியின் கியர் பாக்ஸுக்குள் அதன் மூச்சுத் துளை வழியாகவே தண்ணீர் இறங்கிவிடும். வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் இன்னொரு முறை ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து, எண்ணெய் வடித்து வைத்த பாக்ஸ் என்றால் மூடியைத் திறந்து பேரிங்கைப் பார்க்காமல் நான் பணத்தை எடுப்பதில்லை.

எண்ணெயில் தேறினால், உள்ளே போகும் தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியரில் டொக், டொக் என்று ஒரே இடத்தில் தட்டினால் பல் உடைந்திருக்கலாம். தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம்.

உங்களுக்கு இரண்டாவது கியர் மட்டும் வேண்டுமென்றாலும், அதோடு இணைந்து சுழலும் எதிர்ப் பல்லையும் சேர்த்தே வாங்குங்கள். சேர்ந்து தேய்ந்த ஜோடி அது. பிரித்து வேறொன்றோடு மணமுடித்தால் ஊளையிடும். ஸ்லீவும் அதன் ஹப்பும் அப்படித்தான். முழு பாக்ஸாக எடுத்தால் ஸ்பீடோமீட்டர் கேபிளின் சிறு பல்சக்கரம், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், கிளச் ஃபோர்க், மவுண்டிங் கிளாம்புகள், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்ஸை விற்றுவிட்டு, அந்தப் போல்ட்டுக்குத் தனி விலை சொல்லும் சாமர்த்தியசாலிகள் உண்டு. பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் திருட்டு வண்டியின் பாகம் உங்கள் தலையில் விழலாம்.

பூட்டிய பிறகு ஜி.எல்-4 தர எண்ணெய் ஊற்றுங்கள். பெரிய எண்தானே நல்லது என்று ஜி.எல்-5 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கர ஆக்சிலுக்கென்று சேர்க்கும் அதன் கந்தக மருந்து பித்தளைக்கு ஆகாது. புது ரிங் வாங்கிய காசு அதில் கரையும்.

கேள்வி: நிற்கும்போது ரிவர்ஸ் போட்டால் மட்டும் ஒரு "கிர்ர்" வருகிறது. பாக்ஸ் போய்விட்டதா?
— வாசகி, காட்பாடி

பதில்: இல்லை அம்மா. உங்கள் வண்டி எதுவென்று எழுதவில்லை. ஆனால் பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கிளச்சை மிதித்ததும் உள்ளே சுழல்வது அடங்க மூன்று நொடி கொடுங்கள். அல்லது முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்படியும் கத்தினால் கிளச் சரியாக விடுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓடாத பழைய காரைப் பாகம் பாகமாக விற்க ஒருவர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: வண்டியைக் கொடுக்கலாம், ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) உங்கள் பெயரிலேயே உயிரோடு விட்டு வைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 55ஆம் பிரிவின்படி, இனி ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள்ளோ, கூடிய விரைவிலோ பதிவு அலுவலகத்துக்கு எழுதி, ஆர்.சி.யையும் அனுப்ப வேண்டும். உங்கள் சேஸிஸ் எண்ணை வேறு வண்டியில் ஒட்ட வைத்து யாராவது ஓட்டினால், போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே கொடுத்தால் வண்டி ஒழிந்ததற்குச் சான்றிதழும் கிடைக்கும். காயலான் கடைக்காரர் இரண்டாயிரம் கூடுதலாகத் தருகிறாரே என்று கேட்பீர்கள். தருவார். அந்தச் சான்றிதழை அவரால் தர முடியாது.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசடரில் ஓட்டம் நிற்காமல் முதல் கியருக்கு இறக்கினால் அரைக்கிறது. அப்பா ஓட்டினால் அரைப்பதில்லை!
— வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தக் காலத்து அம்பாசடரில் முதல் கியருக்குச் சிங்க்ரோவே இல்லை. மேலே திண்டிவனத்துக்காரருக்குச் சோதனையாகச் சொன்ன, கிளச்சை இரண்டு முறை மிதிக்கும் இரட்டைக் கிளச்சை உங்கள் அப்பா கேட்காமலே செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பாருங்கள்.