எழுத்துக்கு நாள் வைக்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘எழுத்து’ என்று நாம் சொல்லும் விவாகப் பதிவைப் பற்றியவை. மண்டபம், மேளம், சமையல் எல்லாம் மாதக் கணக்கில் முன்கூட்டியே ஒழுங்காகிவிடுகின்றன. பதிவாளரிடம் போவதைத்தான் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறோம்.

மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. ஆவணியில் மூன்று வார விடுமுறையில் வருகிறார். அதற்குள் எழுத்தை முடிக்கலாமா? (தாய் ஒருவர், கோண்டாவில்)

முடிக்கலாம் அம்மா, ஆனால் அவர் வந்திறங்கும்வரை காத்திருக்காதீர்கள். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் அதற்கு முந்திய 10 நாட்களாவது அந்தப் பதிவாளர் பிரிவில் குடியிருந்திருக்க வேண்டும். இருவரும் இங்கே வெவ்வேறு பிரிவுகளில் இருந்தால் இரண்டு பதிவாளர்களிடமும் கொடுக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் இங்கிருப்பவர் கொடுத்தால் போதும்; ஆகவே மகள் இப்போதே போகலாம். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் கிடைக்கும். 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அந்த அறிவித்தல் செல்லாது. கலியாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அவசரமென்றால் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் கேட்கலாம். 12 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுவரட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கான நடைமுறைகள் சுற்றறிக்கைகளால் மாறுபவை. டிக்கெட் எடுக்குமுன் பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மகளின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் கந்தசாமி, மற்றதில் கந்தசுவாமி என்று இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். விசா அதிகாரிக்கோ அவர்கள் இரண்டு மனிதர்கள். திருத்தத்தை எழுத்துக்கு முன்பே செய்விப்பது நல்லது.

முகூர்த்தம் அதிகாலை நாலரைக்கு. அதே நேரத்தில் பதிவும் செய்யலாமா? (நல்லூர்)

சாதாரண முறையில் பதிவாளர் தன் அலுவலகத்தில், கதவு திறந்திருக்க, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையில்தான் நடத்தலாம். வேறு இடம், வேறு நேரம் என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும். தாலியை நாலரைக்குக் கட்டிவிட்டு எழுத்தை விடிந்த பிறகு வைத்துக்கொள்வதே சுலபம்.

அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கோயிலில் தாலி கட்டியவர்கள். பதிவு இல்லை. அவர்களுடைய கலியாணம் செல்லாதா? (சாவகச்சேரி)

செல்லும். வழக்கப்படி கூறை கொடுத்து, தாலி கட்டி நடந்த இந்துத் திருமணத்தை நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டு வருகின்றன. அம்மாவை யாரும் குறைத்துப் பேச இடமில்லை. கஷ்டம் நிரூபிப்பதில்தான். பதிவு இருந்தால் ஒரு தாள் போதும். இல்லாவிட்டால் குருக்களையும் அயலவரையும் பழைய படங்களையும் தேட வேண்டும். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு சட்டத்தரணி மூலம் அவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்கிவையுங்கள். இப்போது பதிவு செய்தால் இன்றைய திகதிதான் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமக்கையின் மகளைக் கட்டுவது எங்கள் வழக்கம். பதிவாளர் மறுக்கிறார். (யாழ்ப்பாணத்தில் குடியேறிய மலையகக் குடும்பம்)

அவர் செய்வது சரி. சகோதர சகோதரிகளின் மகளை மணப்பதை இலங்கைச் சட்டம் தடுக்கிறது. அந்தத் திருமணம் செல்லாது. தமிழ்நாட்டில் நடக்கிறதே என்பது இங்கே உதவாது. மச்சான் மச்சாள் முறைக்குத் தடையில்லை.

சீதனமாக வந்த வீட்டை விற்க மாப்பிள்ளையின் கையெழுத்து வேண்டுமா? (மணப்பெண், உடுவில்)

எழுத்துக்கு முன் இதைக் கேட்ட உங்களைப் பாராட்டுகிறேன். நம்மில் பலர் காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு நொத்தாரிசிடம் போகும் நாளில்தான் இதை அறிகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக்கூடக் கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அசையும் சொத்துக்கு இந்தத் தடை இல்லை. சம்பாதிக்கும் பெண்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் இந்த விதி அப்படியே கிடப்பது அநியாயம் என்பதே என் கருத்து.

மாப்பிள்ளை தேசவழமைக்கு உட்படாதவரானால் கதை வேறு. அந்தத் திருமணம் நீடிக்கும்வரை உங்களுக்கும் அது பொருந்தாது. மறுதலையாக, வெளியூர்ப் பெண் நமது ஊர் மாப்பிள்ளையைக் கட்டினால் அவரும் தேசவழமைக்குள் வந்துவிடுகிறார். பதிவுப் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இராது.

2009இல் காணாமல்போன கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மறுமணத்துக்கு ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். வழி உண்டா? (பெயர் வேண்டாம்)

உண்டு சகோதரி. ஆனால் முதல் திருமணம் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும். காணாமற்போனமைக்கான சான்றிதழ் சொத்து, உதவித்தொகை போன்றவற்றுக்கு உதவும், மறுமணத்துக்குப் போதாது. விவாகரத்து வழக்கு ஒரு வழி. 2010ஆம் ஆண்டு இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெறுவது மற்றது. அந்தத் தாளை வாங்கினால் அவர் இறந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பல பெண்கள் மறுத்துவிடுகிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. உங்களுக்கும் மனம் ஒப்பாவிட்டால் விவாகரத்து வழியே போங்கள். அதில் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்புத்தான். குறைந்தது 3 மாதம் கழித்து அது முற்றானதாக்கப்பட்ட பிறகே புதிய அறிவித்தல் கொடுக்கலாம்.

தேவாலயத்தில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று. பதிவாளரிடமும் போக வேண்டுமா? (குருநகர்)

ஆம். ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு, திருச்சபையின் ஒழுங்கு. பதிவாளரின் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகே குருவானவர் திருமணத்தை நடத்தலாம். இன்றே போய் அறிவித்தலைக் கொடுங்கள்.