பக்கத்தில் புது தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வருகிறது: தண்ணீர், சுவர், மறைப்பு (கேள்வி பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், புது தாமானுக்காக அழித்த செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டை ஒட்டியுள்ள பழைய வீட்டுக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வடிகால் வேலையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, செம்பனை இருந்தவரை பின்வாசலில் தண்ணீர் ஏறியதில்லை. இப்போது சின்ன மழைக்கே செந்தண்ணீர் வருகிறது. ஏன்?

தோட்டத்தில் விழும் மழையில் ஒரு பங்கை மண் குடிக்கும். மிச்சம் வாய்க்கால்களில் நின்று நின்றுதான் வரும். மரமும் புல்லும் போய் வெறும் மண் ஆனதும் தண்ணீர் வேகமாக ஓடிவருகிறது, மண்ணையும் கூட்டி வருகிறது. உங்கள் வீட்டுக்கு முதல் எதிரி அந்த மண்தான். லோங்காங் (சிமெண்ட் வடிகால்) பாதி ஆழத்துக்குத் தூர்ந்துவிட்டால் அப்புறம் எந்த மழையையும் அது தாங்காது. அதனால்தான் நிலத்தை வெட்டும் முன்பே ஓடிவரும் மண்ணைத் தங்கவைக்கும் வண்டல் குட்டை தோண்ட வேண்டும் என்பது முறை. வீடுகள் எழும்பிய பிறகு கூரையும் தாரும் மழையில் பெரும்பங்கை அப்படியே வடிகாலுக்குத் தள்ளும். அதைத் தேக்கி மெதுவாக விடக் குளமோ தொட்டியோ தேவை. வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜேபிஎஸ் வெளியிட்ட மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படைக் கணக்கே இதுதான்: கட்டியபின் வெளியேறும் உச்ச நீர், கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது. நகராண்மைக் கழகப் பொறியியல் பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி, "குட்டை எங்கே, அதன் தண்ணீர் எந்த லோங்காங்கில் விழுகிறது?" என்பதுதான். மழை பெய்யும்போதே தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

ஆட்சேபம் உண்டா என்று கேட்டு எங்களுக்குக் கடிதமே வரவில்லையே, சார்?

1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ரன்சாங்கான் தெம்பாத்தான் (எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம்) இல்லாத இடத்தில்தான் அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. ஆட்சேபிக்க 21 நாள். ஒட்டிய நிலம் மட்டுமல்ல, 20 மீட்டருக்கு மேற்படாத ரோடோ வடிகாலோ இடையில் இருந்தாலும் நீங்கள் அக்கம்பக்கம்தான். திட்டம் இருக்கும் ஊரில், அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோதே பேசியிருக்க வேண்டும். நம்மில் யார் போய்ப் பார்க்கிறோம்?

புது தாமான் தரை எங்களைவிட ஓர் ஆள் உயரம். தடுப்புச் சுவர் துளையிலிருந்து எங்கள் முற்றத்தில் தண்ணீர் வடிகிறது. அடைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும், சாய்ந்தால் உங்கள் பக்கம்தான் சாயும். சுவரின் அடியில் அவர்கள் நிலத்திலேயே ஒரு வடிகால் ஓடி, துளைத் தண்ணீர் அதில் விழ வேண்டும். அதைக் கேளுங்கள்.

புது வீட்டு மாடியிலிருந்து என் அடுப்படி அப்படியே தெரியுது. என்ன நடலாம்?

சரி அக்கா, சன்னல் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கீகாரம் பெற்ற வீட்டை மாற்ற வைப்பது கடினம். எல்லையோரம் மரம் நடச் சொல்லி மேம்பாட்டாளரிடம் கேட்கலாம். உங்கள் பக்கம் நெட்டிலிங்கம் நல்லது, ஒடுங்கி உயரும். மூங்கில் என்றால் கொத்தாக வளரும் வகை. ஆலும் அரசும் லோங்காங் அருகே ஆகாது, வேர் சிமெண்டைப் பிளந்துவிடும். ஜிங் தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வேலி தூசியைத்தான் மறைக்கும், மாடியை அல்ல.

எங்கள் வரிசையில் நாலு வீட்டில் மட்டும் தண்ணீர் நிற்கிறது.

முதலில் பின் லோங்காங்கைப் பாருங்கள். அதன் மேல் சிமெண்ட் போட்டு அடுப்படியை நீட்டியவர் யார் என்று தெரிந்துவிடும். எல்லாப் பழியும் மேம்பாட்டாளருக்கு இல்லை.

நஷ்டத்துக்கு வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் போகலாமா?

அது வாங்கியவர்களுக்கு, பக்கத்து வீட்டாருக்கு அல்ல. 5,000 ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். படங்களும் புகார் எண்ணும் அங்கேதான் கைகொடுக்கும்.