ரப்பர் விளையை ஈடு வைப்பதற்கு முன்

சென்ற வாரம் மார்த்தாண்டத்தில், படிப்பு ஆலோசகரான என் அறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. மகனின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு, ரப்பர் தோட்டமான நாற்பது சென்ட் விளையின் பத்திர நகலும் மேசைமேல் வைக்கப்பட்டது. தந்தை அந்த விளையில் விடியற்காலையில் பால் வெட்டுகிறவர். தாய் முந்திரி ஆலைக்குப் போகிறவர். வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார்: செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். விளையை வங்கியில் ஈடு வைத்தால் நான்கு ஆண்டுக் கட்டணத்தைச் சமாளித்துவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு. பையனோ டிஜே ஆவேன் என்கிறான். "குடும்பத்துல யாரு முகத்துல சார் முழிக்க? ஒரே பிடியா நிக்கான்" என்று சொல்லும்போதே அந்தத் தாயின் கண்கள் நிறைந்துவிட்டன.

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது; ஆனாலும் அந்தப் பத்திரத்தைப் பார்த்த பிறகு உங்களைத் தேற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கணினி அறிவியல் படித்தும், செய்முறைத் தேர்வுக்கு வெளியே ஒரு நிரல்கூட எழுதிப் பார்க்காத பையன் இவன். அந்தப் படிப்பு நான்கு ஆண்டுகளும் இடைவிடாத கணிதத்தையும் நிரலாக்கத்தையும் கேட்கும். விருப்பமுள்ள பிள்ளைக்கே அது கடினம். விருப்பமில்லாதவன் இரண்டாம் ஆண்டிலேயே பாக்கித் தாள்களைச் சுமக்கத் தொடங்குவான். அப்போதும் வங்கிக்கு வட்டி கட்டியாக வேண்டும். கல்விக் கடனை ஒருவன் வேலைக்குப் போய் அடைக்கலாம், ஈட்டில் முழுகிய விளையை மீட்பது அவ்வளவு எளிதல்ல. சித்தப்பாவின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பார்த்திருப்பது துபாய் அலுவலகங்களில் அமர்ந்திருப்பவர்களை. இந்தப் பையனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை.

தம்பி, உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டுப் போடுகிற வேலைதானே என்று உன் உறவினர்கள் இகழ்வது தவறு. இசைத்தட்டை மோட்டார் நேரடியாகச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற கருவி 1972இல் வந்தது. அதில் இரண்டை அருகருகே வைத்து, இரு பாடல்களின் வேகத்தையும் தாளக்கட்டையும் இணைத்து, ஓடும் இசையைக் கையால் வளைக்கக் கற்றவர்கள் அதைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். 1980களில் சிகாகோவிலும் டெட்ராய்டிலும் பிறந்த மின்னிசை வகைகள்தான் இன்று உன் செல்போனில் ஓடுகின்றன. 2007இல் கோவாவில் சன்பர்ன் விழா தொடங்கிய பிறகு நம் நாட்டிலும் அதற்குப் பெரிய மேடை கிடைத்தது. இவையெல்லாம் மதிக்கத் தக்கவை. ஆனால் அந்த மேடையின் நடுவில் நிற்கும் ஒருவருக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பும், பெருநகரத் தொடர்புகளும், வருமானமே இல்லாத காலத்தைத் தாங்கும் குடும்பமும் இருக்க வேண்டியிருக்கிறது. உன் வீட்டில் அந்தத் தாங்கும் வலிமை இல்லை. அதை மறைத்துப் பேசுவது உனக்குச் செய்யும் துரோகம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் சான்றிதழ் கொடுக்கும் டிஜே பயிற்சி நிலையங்களில் சேர நான் சம்மதிக்க மாட்டேன். அந்தச் சான்றிதழைக் கேட்டு யாரும் மேடை தருவதில்லை, வாசிப்பைக் கேட்டுத்தான் தருகிறார்கள்.

ஒரு நிகழ்ச்சி நடக்கும் நாளைக் காலையிலிருந்து பார்த்தால் என் எண்ணம் விளங்கும். புகழ்பெற்ற டிஜே பலர் இரவு எட்டு மணிக்குச் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவுடன் வருகிறார்கள்; பாடல்கள் அனைத்தும் அதில் இருக்கும். அவர்கள் அதைச் செருகும் பிளேயரும், ஒலிகளைக் கலக்கும் மிக்சரும், மைதானம் முழுவதும் நிற்கும் ஒலிபெருக்கிகளும், மின்சாரமும் முன்னரே அங்கே தயாராக இருக்கும். அவற்றை நிறுவியவர்கள் காலை ஏழு மணிக்கே லாரியோடு வந்தவர்கள். டிஜே மாறினாலும், பாடகர் வந்தாலும், சபைப் பெருவிழாவில் பிரசங்கம் நடந்தாலும், கோயில் கொடை விழாவில் வில்லிசை நடந்தாலும் அவர்கள் இல்லாமல் ஆகாது.

இந்த வேலையை உன்னிடம் பேசத் தூண்டியது உன் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கம். ஊர்த் திருவிழாவில் மேடைக்கு நேர் நடுவில் நின்றால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நெஞ்சில் இடிக்கிறது, வலப்புறம் பத்துக் காலடி எடுத்து வைத்தால் காணாமல் போகிறது, இன்னும் தள்ளினால் திரும்பி வருகிறது என்று நீ கவனித்திருக்கிறாய். கூட வந்த நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது நீ நடந்து நடந்து அந்த இடங்களைக் குறித்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டிகளையும், அவற்றிலிருந்து விரியும் வட்டங்களையும் பென்சிலால் வரைந்து, பதினொன்றாம் வகுப்பு அலைகள் பாடத்தின் பக்க எண்ணையும் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். யாரும் மதிப்பெண் போடாத ஒன்றை இவ்வளவு அக்கறையோடு ஒரு பிள்ளை செய்திருந்தால், அதை விளையாட்டு என்று ஒதுக்க ஓர் ஆலோசகருக்கு உரிமையில்லை.

நீ கண்டது உண்மை. நொடிக்கு 50 முறை அதிரும் (50 ஹெர்ட்ஸ்) ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர். மேடையின் இருபுறமும் 12 மீட்டர் இடைவெளியில் பேஸ் பெட்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 6 மீட்டர் விலகி நிற்பவரின் காதுக்கு ஒரு பெட்டி மற்றதைவிட ஏறக்குறைய 3.3 மீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும். அது ஏறத்தாழ அரை அலைநீளம் என்பதால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து அந்த ஒலி பெருமளவு அடங்கிவிடும். உன் பத்துக் காலடிக் கணக்கு ஏறத்தாழ அந்த 6 மீட்டர்தான். பெட்டிகளைப் பிரிக்காமல் மேடைக்கு முன் நடுவில் ஒரே வரிசையாக அடுக்கினால் இந்தப் பள்ளங்கள் பெரிதும் மறையும். இதைத் தெரிந்து பெட்டி வைப்பவருக்கு நிகழ்ச்சித் துறையில் சிஸ்டம் இன்ஜினியர் என்று பெயர். நம் ஊரில் மைக் செட்காரர் என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுவதால் இப்படி ஒரு தனித் தொழில் இருப்பதே பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அந்தத் தொழிலின் ஒரு நாளைச் சொல்கிறேன். மைதானத்தை நாடாவால் அளந்து, கடைசி வரிசை எத்தனை மீட்டர் என்று கணினியில் கொடுத்து, லைன் அரே எனப்படும் தொங்கும் பெட்டி வரிசையின் ஒவ்வொரு பெட்டியும் எத்தனை டிகிரி சாய வேண்டும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். மைதானம் நீளமானால் நடுவிலும் பெட்டிகள் தேவை. ஆனால் கேபிள் வழியே மின்குறிப்பு கண நேரத்தில் போய்விடும். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியோ நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் பயணிக்கும். எனவே 34 மீட்டர் தள்ளி வைத்த பெட்டியின் ஒலியைப் பத்தில் ஒரு நொடி தாமதப்படுத்தி விடாவிட்டால், பாடகரின் ஒவ்வொரு சொல்லும் அங்கே இரண்டாகக் கேட்கும். பிறகு சோதனை ஒலியை ஓடவிட்டு, அளவிடும் மைக்கோடு மைதானம் முழுவதும் நடந்து, எந்த இடத்தில் எந்த அதிர்வெண் துருத்துகிறது என்று பார்த்துச் சரிசெய்வார்கள். காலி மைதானத்தில் கணீரென்று கேட்டது, கூட்டம் நிறைந்ததும் மங்கிவிடும்; மனித உடல்களும் உடைகளும் உயர்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்வதே காரணம். அதையும் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றித் தந்தையிடம் தனியாகச் சொன்னேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. பெரிய நிகழ்ச்சிக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் எடுத்து, சுமையை மூன்றிலும் சமமாகப் பிரிக்கிறார்கள். நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால் 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு 400 வோல்ட் வரை பாய்ந்து, லட்ச ரூபாய்ச் சாமான் நொடியில் கருகிவிடும். எர்த் சரியில்லாத மேடையில், மழை பெய்த இரவில், மைக்கைப் பிடித்த கைக்கே ஷாக் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. இங்கே மின்சாரம் முறையாகப் படித்த ஒருவர் குழுவில் இருப்பது அந்தக் குழுவின் மதிப்பையே உயர்த்தும்.

ஆகவே என் பரிந்துரை இது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. மின்னணுவியலோ மின்னியலோ எதில் இடம் கிடைத்தாலும் இரண்டு ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணத்துக்காக விளையைத் தொட வேண்டியதில்லை. பின்னர் மனம் மாறிப் பொறியியல் படிக்க விரும்பினால், டிப்ளமோவோடு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. சினிமா ஒலிப்பதிவில் நாட்டம் வந்தால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. படிக்கும் இரண்டு ஆண்டும் சனி, ஞாயிறுகளில் நல்ல பெயருள்ள ஒரு சவுண்ட் சர்வீஸில் உதவியாளாகப் போக வேண்டும். முதல் ஆறு மாதம் கேபிள் சுற்றுவதுதான் வேலையாக இருக்கும். கேபிளை முறுக்காமல், ஒரு சுற்றை மேலாகவும் அடுத்த சுற்றை உள்ளாகவும் மடிக்கத் தெரிந்தவனைத்தான் மிக்சர் பக்கம் விடுவார்கள். மலையாளம் வீட்டு மொழிபோல் வருவது உனக்கொரு முதலீடு. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் அதிகத் தொலைவில்லை. ஓணம் வார மேடைகளும், ஆலயப் பெருநாள்களும், பாட்டுக் கச்சேரிகளான கானமேளாக்களும் அந்தப் பக்கம். கொடைகளும் சபை விழாக்களும் இந்தப் பக்கம். இரு மொழியிலும் மேடைக்காரரோடு பேசத் தெரிந்த உதவியாளை இரு பக்கத்தாரும் கூப்பிடுவார்கள்.

தாய் கேட்ட கேள்விகளை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், இசை நிகழ்ச்சிக்குக் கூடிய நெரிசலில் நான்கு பேர் உயிரிழந்ததை அவர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒலிக்குழுவில் இருப்பவன் கூட்டத்தை உயரத்திலிருந்து பார்க்கிறவன். தள்ளுமுள்ளு தெரிந்த கணமே இசையை நிறுத்தி, அறிவிப்பு மைக்கைத் திறந்துவிடும் பொறுப்பு அவனுக்கு உண்டு என்று முதல் நாளிலேயே கற்க வேண்டும். போதைப் பொருள் குறித்த அச்சமும் நியாயமானதே. தலைக்கு மேலே டன் கணக்கில் எடையைத் தொங்கவிடும் வேலையில் குடித்தவனையோ தடுமாறுகிறவனையோ வைத்துக்கொள்ளும் குழுவுக்கு உங்கள் மகனை அனுப்பாதீர்கள். முதலாளியை நேரில் பார்த்து, ஐயா, அதை நீங்களே கேளுங்கள்.

காது விஷயத்தில் பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒலியின் உரப்பை டெசிபலில் அளப்பார்கள்; 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். செத்துப்போன செவிச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. காதடைப்பான் இல்லாமல் ஒரு நிகழ்ச்சிக்கும் போகக் கூடாது. சட்டத்தையும் படித்துக்கொள்ள வேண்டும்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை, பண்டிகைகளுக்கு நள்ளிரவு 12 மணி வரை விலக்களிக்கலாம். எல்லைக்கு இருபுறமும் இதே விதிதான். டெசிபல் மீட்டரைப் பிடித்து அளந்து காட்டத் தெரிந்தவன் விழாக் குழுவுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே நடக்கும் தகராறைத் தீர்த்துவைப்பான்.

வருமானம் ஆண்டு முழுவதும் சீராக வராது. ஆனி, ஆடி மழையில் மேடைகள் குறையும், ஓணத்திலிருந்து ஈஸ்டர் வரை ஓய்வே இருக்காது. மழைக்காலத்துக்கு டிப்ளமோ துணை நிற்கும். பழுது பார்க்கும் வேலையும், ஆலயங்களிலும் திருமண மண்டபங்களிலும் நிரந்தர ஒலியமைப்பு நிறுவும் வேலையும் அப்போதுதான் வரும். இசைக்கும் ஆசை உனக்கு மிச்சமிருந்தால், முதல் சம்பளத்தில் மடிக்கணினியோடு இணைக்கும் சிறிய டிஜே கன்ட்ரோலர் ஒன்று வாங்கி வீட்டில் பழகு. அதற்கும் அப்பாவிடம் பணம் கேட்கக் கூடாது.

சித்தப்பா அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறாராம். அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், நானே பேசுகிறேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவில் போகாமல் பகல் மூன்று மணிக்கு, நீங்கள் மூவரும் ஏதாவதொரு விழா மைதானத்துக்குப் போய் நிகழ்ச்சிக்கு முன் செய்யும் ஒலிச் சோதனையான சவுண்ட் செக் நடப்பதைப் பாருங்கள். தம்பி நாடாவும் அந்த இயற்பியல் நோட்டும் எடுத்துப் போகட்டும். பேஸ் பெட்டிகளின் இடைவெளியை அளந்து, எந்த இடத்தில் ஒலி மறையும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு அங்கே போய் நின்று கேட்கட்டும். அந்தப் பக்கத்தை அடுத்த முறை வரும்போது என்னிடம் காட்ட வேண்டும்.