குட்டிப் பசங்க, மொபைல், டேப்: எல்கேஜி டீச்சர்கிட்ட கேளுங்க

கேள்வி: ஒன்றரை வயசு பாப்பாவுக்கு எந்த ஆப் நல்லது டீச்சர்?

எதுவும் வேணாம்மா. உலக சுகாதார நிறுவனமே 2019-ல சொல்லிடுச்சு, ரெண்டு வயசுல இருந்து நாலு வரைக்கும் நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ரெண்டு வயசுக்குக் கீழ ஸ்க்ரீனே வேண்டாம்னு.

கேள்வி: நான் துபாய்ல இருக்கேன் மேம், வீடியோ கால்ல பேசுறதும் தப்பா?

தாராளமா பேசுங்க தம்பி. நீங்க "காக்கா எங்க?"ன்னா பாப்பா ஜன்னலைப் பாக்கும், அதைப் பாத்து நீங்க சிரிப்பீங்க. அந்தப் பதில்தான் முக்கியம்.

கேள்வி: நாலு வயசு, டேப்ல 'அ' அழகா போடுறான், நோட்ல வரல.

வராதும்மா. நிறைய ட்ரேஸிங் ஆப்ல விரல் கொஞ்சம் விலகினாலும் கோடு தானா நேரா ஒட்டிக்கும். என் கிளாஸ்ல ஒருத்தன் 'அ'வை வால்ல இருந்து ஆரம்பிச்சு மேல ஏத்துனான், ஆப் ஸ்டார் குடுத்துச்சு. பென்சிலைக் குடுத்தா அழுத்தவே தெரியல, கோடு கண்ணுக்கே தெரியல. ரெண்டு வாரம் டேப்பை எடுத்து வச்சிட்டு சப்பாத்தி மாவு உருட்டவிட்டேன், தட்டுல ரவை பரப்பி விரலால எழுதவச்சேன், அப்புறம்தான் பென்சில், இப்ப பேப்பர்ல அச்சு விழுற மாதிரி எழுதுறான்.

கேள்வி: எந்த ஆப் பெஸ்ட்?

முதல் பதிலைப் படிங்க. மூணு வயசு தாண்டிருச்சுன்னா ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட்ல தமிழ்க் கதை ஃப்ரீயா இருக்கு, மடில உக்காரவச்சு நீங்க படிச்சுக் காட்டுங்க. ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுற ஆட்டோப்ளே இருந்தா, அதை ஆஃப் பண்ணிட்டுக் குடுங்க.

கேள்வி: மேம், ஒத்துக்க மாட்டேன். என் பையன் ரைம்ஸ் வீடியோ பாத்துதான் பேசவே ஆரம்பிச்சான்.

சார், வீடியோ ஓடும்போது வீட்ல யாரும் கூடப் பாடலையா?

அதே ஆள்: அவங்க பாட்டி பாடுவாங்க.

அப்ப பாட்டிதான் சார் கத்துக்குடுத்திருப்பாங்க! 2003-ல பேட்ரிஷியா குல்ங்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல ஒன்பது மாசக் குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. நேர்ல ஆள் உக்காந்து சீன மொழில பேசக் கேட்ட குழந்தைங்க அந்த மொழியோட ஒலியைப் பிரிச்சுக் கேக்கக் கத்துக்கிச்சு, அதையே டிவில பாத்த குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஏறல. பாட்டியைப் பாடச் சொல்லுங்க, வீடியோவை நிறுத்தியே பாருங்க.

கேள்வி: ரெண்டரை வயசு, ஒரு வார்த்தைகூட வரல, ஸ்பீச் ஆப் ஏதாவது?

ஆப் தேடாதீங்கம்மா. இந்த வாரமே குழந்தை டாக்டரைப் பாருங்க, முதல்ல காது டெஸ்ட் பண்ணுங்க.

கேள்வி: சாப்பிட மட்டும் போன் குடுக்கலாமா? நல்ல ஆப்...

வேணாம். தட்டைக் காட்டி ஊட்டுங்க. ஆட்டோப்ளே ஆஃப்!