வீட்டை நடத்துவது – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 36 வயது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, மதுரையில் ஒரு பள்ளியில் எட்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குக் குன்னூருக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. மகன் நான்காம் வகுப்பு, மகள் யுகேஜி.

சென்ற மாதம் மகளின் பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வீட்டு வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. வெளியே சொல்லத்தான் கூச்சம். என்னோடு படித்தவர்கள் 'இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?' என்கிறார்கள். மாமியார் சித்திரை முடிவதற்குள் வருஷத்துக்கான வற்றல், வடகம் எல்லாவற்றையும் போட்டு டின்னில் அடைத்துவிடுபவர். இங்கே வந்தால் என் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிடுவார். போனைத் திறந்தால் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக அடுக்கிவைத்த சமையலறைகள். எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்ற நினைப்போடுதான் படுக்கப் போகிறேன்.

வீட்டை நடத்துவதில் ஒருத்தி பெருமைப்படலாமா? பெருமைப்படும்படி நடத்துகிறேனா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பி.கு.: இங்கே வந்ததிலிருந்து இட்லி மாவு பொங்குவதே இல்லை. பருப்பும் சரியாக வேகவில்லை. கைப்பக்குவமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

சு., குன்னூர்

*

அன்புள்ள சு.,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். வேதியியல் படித்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அடுப்பின் முன்னால் நிற்கும்போது படித்தது மறந்துபோய், தப்பு நம் கையில்தான் என்று தோன்றிவிடுகிறது. மதுரையில் குழைந்த பருப்பு அங்கே அதே நேரத்தில் குழையாது. குக்கரில் இன்னும் இரண்டு விசில் விட்டுப் பாருங்கள். கைப்பக்குவம் எங்கும் போகவில்லை. மதுரைக் கணக்கைக் குன்னூரில் போட்டுப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

மாமியாரின் வற்றலும் இதே கதைதான். மதுரை மொட்டைமாடியில் சித்திரை வெயிலுக்கு வடகம் நாலைந்து நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். மழைக்காலத்தில் காய் விலை ஏறும், அதற்கு வெயில் காலத்திலேயே சேர்த்துவைப்பது கெட்டிக்காரத்தனம். உங்கள் மாமியாரை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்மேல் மரியாதை வருகிறது. அதே வடகத்தைக் குன்னூரின் பனிமூட்டத்தில் பிழிந்துவைத்தால் பூசணம் பிடிக்கும். கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் விளைகிற மலையில் இருந்துகொண்டு கத்தரிக்காய் வற்றல் போடவில்லையே என்று வருந்த வேண்டாம். அந்த ஊருக்கென்று வேறு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மழை மாதங்களில் பள்ளிச் சீருடையைக் காயவைத்து எடுப்பது, மிளகாய்ப் பொடியிலும் ரவையிலும் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது, மீந்த சோற்றையும் பழத்தோலையும் வெளியே வைக்காமல் இருப்பது. கரடியும் காட்டெருமையும் தெருவுக்குள் வந்துபோகும் ஊர் அது. அங்கே குப்பைக்கூடையை இறுக்கி மூடிவைக்கும் பெண் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்கிறாள். இதை உங்கள் மாமியார் பாராட்ட மாட்டார். அவருக்கு மதுரையில் கரடி இல்லை.

சரி, பெருமைப்படலாமா? தாராளமாக. 2019 கோடையில் நான் சென்னையில் இருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டுபோயின. எங்கள் எதிர்வீட்டில் ஆறு பேர். படுத்த படுக்கையாக ஒரு மாமனார், இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அந்த வீட்டுப் பெண் லாரியில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாகப் பிரித்துவைத்து, எது எதற்கு என்று சாக்பீஸால் எழுதியே வைத்திருந்தார். அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்தின் முதல் அலசலுக்கு. துணி அலசியது கழிவறைக்கு. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, மாமனாருக்கு மட்டும் இரண்டு. அந்தக் கோடை முழுக்க அந்தப் பிள்ளைகள் ஒரு நாளும் அழுக்குச் சட்டையோடு வெளியே வரவில்லை, பெரியவருக்குப் படுக்கைப் புண்ணும் வரவில்லை. இதைவிடப் பெரிய நிர்வாகத் திறமையை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்டால் 'சும்மா வீட்லதான் இருக்கேன்' என்பார். எனக்கு அழுகையே வரும்.

அந்தச் சொல் அவராக உண்டாக்கியதும் இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களும் கைதிகளும் இருக்கும் 'உழைக்காதோர்' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. படிவத்தின் அந்தக் கட்டத்தில் உங்கள் பேனா நின்றதற்குப் பின்னால் இத்தனை காலத்துப் பழக்கம் இருக்கிறது.

இனி, எதை வைத்து அளப்பது என்ற கேள்வி. இதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு இலட்சியம்தான். வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் வீடு. ஜவுளி எடுக்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் எங்கள் திண்ணைக்கு வந்துதான் போவார்கள். அம்மா எந்த நேரத்திலும் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாக வைத்தபடியே இருப்பார். புளிக்கரைசல் தயாராக இருக்கும், அப்பளம் தயாராக இருக்கும், கால்மணி நேரத்தில் இலை போட்டுவிடுவார். ஊரே புகழ்ந்தது. அந்தப் புகழில் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது உண்மையான மலர்ச்சிதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் கைகழுவிய பிறகு, சமையலறை வாசற்படியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஆறிய சோறும் அடிக்குழம்பும். காய் மிஞ்சினால் உண்டு, பெரும்பாலும் மிஞ்சாது. 52 வயதில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. 'வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?' என்று டாக்டர் கேட்டார். ஊருக்கே சோறு போட்ட வீடு அது. அப்பா ஒன்றும் சொல்ல முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசியில் சாப்பிடுவது மட்டுமே அதற்குக் காரணம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு வாசற்படிதான் கண்ணில் வருகிறது.

அம்மாவின் இலட்சியத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இடம் இருந்தது, அம்மாவுக்கு மட்டும் இல்லை. எனக்குக் கல்யாணமான பிறகு அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டேன். இந்த வீட்டில் யாரும் பசியோடு இருக்கக் கூடாது, நான் உட்பட. அதற்காக ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாப் பாத்திரங்களையும் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவேன். எல்லாரும் சேர்ந்து உட்காருவோம், வேண்டியதை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தோசை நாளில் மட்டும் அடுப்படியில் ஆள் மாற்றி ஆள் நின்று, ஆளுக்கு ஐந்து தோசை என்று முறைபோட்டு ஊற்றுவோம். முதல் வருஷம் என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மூன்றாவது வருஷம், நான் ஏதோ வேலையாகப் பின்கட்டில் நின்றபோது, 'வந்து உட்காரும்மா, ரசம் ஆறுது' என்று அவரே கூப்பிட்டார். நாற்பது வருஷ வீட்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இப்படி இன்னும் இரண்டு மூன்றை நானே எனக்கென்று வைத்துக்கொண்டேன். ராத்திரி படுக்கும்முன் அடுப்புமேடை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். காலையில் பால் காய்ச்ச வரும்போது அந்தக் காய்ந்த கல்லைப் பார்ப்பதே எனக்கு ஒரு தெம்பு. மாதக் கடைசியில் வரவுசெலவு நோட்டை நானும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், ஒருவர் எழுதி மற்றவருக்குக் காட்டுவது என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு வயது ஆவதற்குள் பையனோ பெண்ணோ சோறு வடித்து ஒரு ரசம் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவை எல்லாமே எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தாலும் வீட்டில் வேறொருவர் செய்யக்கூடியவை. அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நான் விழுந்தால் கூடவே விழும் இலட்சியம் எனக்கு வேண்டாம் என்று அம்மாவைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

விட்டுவிட்டவையும் நிறைய. ஜன்னல் கம்பிகளை வாரா வாரம் துடைப்பதை விட்டேன். வெள்ளிக்கிழமை பித்தளை விளக்கும் குடமும் மட்டும் புளி போட்டுத் தேய்ப்பேன், மற்றப் பித்தளைச் சாமான்கள் பரணில் கறுத்துக் கிடக்கின்றன. மார்கழியில் பெரிய கோலம் போடுவேன், எனக்குப் பிடிக்கும் என்பதற்காக. மற்ற மாதங்களில் நாலு இழை.

கண்ணாடி ஜாடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருப்புக்கு வேண்டியது ஈரமும் வண்டும் புகாத மூடி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அதை நன்றாகவே செய்யும். ஜாடிகளை அடுக்கிப் பார்ப்பது உங்களுக்குச் சந்தோஷம் தருமானால் வாங்கி அடுக்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. படம் எடுத்தவரின் வீட்டில் அன்று எல்லாரும் சூடாகச் சாப்பிட்டார்களா என்பது மட்டும் அந்தப் படத்தில் தெரியாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பெருமை நல்லது. ஆனால் அந்தப் பெருமையையே கூலியாகக் கொடுத்து நம் கணக்கை முடித்துவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள் என்று வந்தது. உங்கள் மகன் நான்காம் வகுப்பு என்கிறீர்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவிவைக்கவும் தன் போர்வையை மடிக்கவும் அந்த வயது போதும். நீங்கள் மதிக்கும் வேலையை அவனுக்குச் சொல்லித்தருவது தண்டனை ஆகாது.

அப்புறம் பணம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவர் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு, வீட்டை நடத்தியதன் மூலம் அவரும் அதற்குப் பங்களித்திருக்கிறார் என்பது தீர்ப்பு. அந்த வழக்கு எத்தனையோ வருஷம் இழுத்தது. உங்களுக்கு அது வேண்டாம். வீடோ மனையோ வாங்கும்போது பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு ஓடட்டும். கணவரிடம் இதைச் சண்டையாகப் பேச வேண்டியதில்லை, மாதக் கடைசியில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசலாம். ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுபடி வகுப்பறைக்குப் போகத் தோன்றும் நாளில் தயங்காமல் போங்கள்.

படிவத்தின் கட்டத்தில் நான் 'வீட்டு நிர்வாகம்' என்று எழுதுவது வழக்கம். என் பிள்ளைகளின் பள்ளியில் யாரும் அதை அடித்துத் திருத்தச் சொன்னதில்லை.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்று போடுகிறீர்கள் என்றால் உளுந்தை இன்னும் ஒரு கைப்பிடி கூட்டுங்கள். ஒரு டீஸ்பூன் வெந்தயம் சேர்த்து ஊறவையுங்கள். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் தெளியுங்கள். உப்பு நொதிப்பதை மெதுவாக்கும், ஆகவே பொங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். கையால் நன்றாகக் கலந்து, மாவுப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிய ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிடுங்கள். மதுரையில் எட்டு மணி நேரத்தில் பொங்கியது அங்கே பதினான்கு, பதினாறு மணி நேரம்கூட எடுக்கலாம். அதனால் முதல் நாள் மத்தியானமே அரைத்துவிடுங்கள். பொங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்