கல்லூரி எஃப்.எம்.மில் நாடகம், கல்ச்சுரல்ஸ் என்று அலையும் மகள்: தடுக்கலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் சொந்தமாக ஒரு எஃப்.எம். இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறாள். எந்த டிபார்ட்மென்ட் நாடகம் போட்டாலும், எங்கே கல்ச்சுரல்ஸ் நடந்தாலும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர். சி.ஏ. படிப்பாள் என்று நினைத்திருந்தோம். இப்போது "மீடியாதான் போவேன்" என்கிறாள். நான் மளிகைக் கடை வைத்திருப்பவன், இந்தத் துறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தடுத்துவிடலாமா?
ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

தடுக்க வேண்டாம் ஐயா. ஆனால் இப்போது போகிற மாதிரியே போகட்டும் என்றும் சொல்லமாட்டேன். முதலில் அவள் அந்த ரேடியோ ரூமுக்குள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவது மட்டும்தானா, அல்லது வெளியே போய் விஷயம் சேகரித்து, அதை வெட்டி ஒட்டி, எழுதி, ஐந்து நிமிட நிகழ்ச்சியாகக் கொண்டுவருகிறாளா? முதலாவது பொழுதுபோக்கு. இரண்டாவதில் ஒரு தொழிலின் அடிப்படை இருக்கிறது.

கல்லூரி எஃப்.எம். என்றதும் கடையில் நீங்கள் கேட்கிற சூரியன், மிர்ச்சி மாதிரி நினைத்துவிட வேண்டாம். இது சமுதாய வானொலி என்ற தனி வகை. கல்வி நிறுவனங்கள் இப்படி நிலையம் நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 கடைசியில் அனுமதித்தது. நாட்டிலேயே முதலாவதாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி 90.4-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கப்புறம் சென்னை எம்.ஓ.பி. வைஷ்ணவ கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., திருச்சி ஹோலி கிராஸ், புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி என்று பல வந்தன. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல் கதவு திறந்தது. டிரான்ஸ்மிட்டர் சக்தி 50 வாட்தான். பக்கத்து ஏரியாக்களைத் தாண்டிக் கேட்காது. விருதுநகரில் உட்கார்ந்து மகளின் குரலை ரேடியோவில் கேட்கலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது.

இந்த வகை வானொலிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிகழ்ச்சி செய்கிற மாணவர்களிலேயே பலருக்கு இது சரியாகத் தெரியாது. செய்தியையும் நடப்பு அரசியலையும் சொந்தமாகத் தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அல்லது உள்ளூர் மொழியில் மொழிபெயர்த்துப் போடலாம், அவ்வளவுதான். பிரிட்டனில் மாணவர் வானொலிகள் தேர்தல் இரவன்று முடிவுகளை நேரலையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு கவுன்சிலர் தேர்தலைக்கூடத் தொட முடியாது. இது சரியான விதி என்று நான் நினைக்கவில்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் விதி விதிதான். உரிமம் கல்லூரி நிர்வாகத்தின் பேரில் இருக்கிறது. மாணவி உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது பேசினால், பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்புப் பேராசிரியர்.

சரி, எதைச் செய்யலாம்? கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், விளையாட்டு நிகழ்வுகள், தேர்வு, அட்மிஷன், வேலைவாய்ப்புத் தகவல்கள், வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, புயல் வெள்ள எச்சரிக்கை. இவை செய்திக் கணக்கில் வராது. ஆகவே, ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை, யார் பொறுப்பு என்று ஆரம்பித்தால் பேராசிரியரின் பேனா குறுக்கே கோடு போட்டுவிடும்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒரு மாணவி ஓடியாடித் தகவல் சேகரிக்கவும், கேள்வி கேட்கவும், கருத்துச் சொல்லவும் உண்மையிலேயே இடம் இருப்பது கலை நிகழ்ச்சிகளில்தான். உங்கள் மகள் நாடகத்தின் பின்னால் அலைகிறாள் என்று வருத்தப்படுகிறீர்கள். பத்திரிகையாளர் வேலையைப் பழக அந்த வளாகத்தில் இதைவிட வசதியான இடம் அவளுக்குக் கிடைக்காது. வரதட்சணையையோ நுழைவுத் தேர்வையோ வைத்து மாணவர்கள் ஒரு நாடகம் போட்டால், அந்த நாடகத்தைப் பற்றிய நிகழ்ச்சியில் நாட்டு நடப்பும் கொஞ்சம் உள்ளே வந்துதான் தீரும். அதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பொறுப்புப் பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஆனால் அந்த வேலையை எப்படிச் செய்கிறாள் என்பதுதான் விஷயம். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடி, "உங்களுக்கு எப்படி ஃபீல் ஆகுது?" என்று கேட்பது பொதுவான வழக்கம். "ரொம்ப சந்தோஷமா இருக்கு, எங்க எச்.ஓ.டி. மேமுக்கு நன்றி" என்று பதில் வரும். இப்படி நூறு பேட்டி எடுத்தாலும் எந்த நிறுவனமும் வேலைக்குக் கூப்பிடாது.

நல்ல நிகழ்ச்சி ஒரு வாரம் முன்பே ஒத்திகையில் தொடங்குகிறது. ஸ்கிரிப்டை வாங்கிப் படிக்க வேண்டும். பதிவு செய்யலாமா என்று குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வசனத்தை எத்தனை நொடி ஒலிபரப்பலாம் என்பதையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும், ஏனென்றால் நாடகம் எழுதியவருக்கு உரிமை இருக்கிறது. ஒத்திகையில் பெஞ்சை இழுக்கிற சத்தம், யாரோ வசனத்தை மறந்துவிட்டுச் சிரிப்பது, பறை எடுத்து வந்த பையன் வார் சரிபார்ப்பது எல்லாம் பதிவாக வேண்டும். யாரும் பேசாமல் அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்று ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேட்டியை வெட்டி ஒட்டுகிற இடங்களில் அந்த ஒரு நிமிடம்தான் இடைவெளியை மூடும். புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்து தலையில் கை வைப்பார்கள்.

கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். "இந்த நாடகத்தின் கருத்து என்ன?" என்று கேட்டால் சொற்பொழிவுதான் கிடைக்கும். "மூன்றாவது காட்சியில் அந்த அம்மா கேரக்டரை ஏன் முதுகு காட்டி உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டால் இயக்குநர் ஒரு விநாடி யோசிப்பார், அப்புறம் உண்மையைச் சொல்வார். லைட் போடுகிறவரிடமும் பேச வேண்டும். நாடகம் பாதியில் இருக்கும்போது எழுந்து போனவரையும் பிடித்து ஏன் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில்தான் பெரும்பாலும் நிகழ்ச்சியிலேயே சுவாரசியமானதாக இருக்கும்.

வானொலி கேட்கிறவருக்கு மேடை தெரியாது. "அருமையான செட், அற்புதமான நடிப்பு" என்று சொன்னால் அவர் மனதில் ஒன்றும் எழாது. "மேடையில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேல் காயப்போட்ட பள்ளிச் சீருடை, வேறு எதுவும் கிடையாது" என்றால் அவருக்கு மேடை வந்துவிடும். இப்படி எழுதப் பழகியவள் பிறகு பத்திரிகை, ஆவணப்படம், விளம்பரம் என்று எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

கடைசியில் எடிட்டிங். நாற்பது நிமிடப் பதிவை ஐந்து நிமிடமாகக் குறைக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வெட்டுவது சுலபம், பேசியவர் சொன்ன அர்த்தம் மாறாமல் வெட்டுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

நாடகம் சுமாராக இருந்தால் சுமார் என்று சொல்வாளா என்றும் கேட்டுப் பாருங்கள். சீனியர் இயக்கிய நாடகத்தைக் குறை சொல்லிவிட்டு, மறுநாள் கேன்டீனில் அதே சீனியரின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தாங்கப் பழகியவர்கள் இந்தத் துறையில் நிற்பார்கள். எல்லாரையும் புகழ்கிறவர்களை மூன்றாம் மாதத்துக்கு மேல் யாரும் நம்புவதில்லை.

அடுத்து வேலை. இதில் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. ஆர்.ஜே., அதாவது மைக் முன்னால் நிகழ்ச்சி நடத்துகிறவர் வேலை குறைவு. ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் காலை, மாலை நிகழ்ச்சிகளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் தேவை. அதே நிலையத்தில் தயாரிப்பாளர், விளம்பர வாசகம் எழுதுபவர், ஒலிப் பொறியாளர், விற்பனைப் பிரிவு என்று மைக் பக்கமே வராதவர்கள்தான் அதிகம். அகில இந்திய வானொலி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களை எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு வைத்து எடுக்கின்றன. நல்ல அனுபவம், ஆனால் மாதத்தில் சில நாள் பணிதான், நிரந்தர வேலை ஆகாது. நாடகக் குரல் கலைஞர்களுக்குத் தனியாகக் குரல் தேர்வும் தரவரிசையும் அங்கே உண்டு. நாடக ஆர்வம் இருக்கிற பெண் அதையும் முயலலாம். பெயர் கிடைக்கும், அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

வேலை பரவிக் கிடப்பது வேறு இடங்களில். செய்தி இணையதளங்களின் வீடியோ, பாட்காஸ்ட் பிரிவுகள், ஒலிநூல் தயாரிப்பு, ஆன்லைன் பாடங்களுக்குக் குரல் பதிவும் எடிட்டிங்கும், டப்பிங், நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு, தொண்டு நிறுவனங்களின் ஆவணப் பணி. இவர்கள் யாரும் மார்க் ஷீட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. "நீ செய்ததில் மூன்றைக் காட்டு" என்பார்கள். மதிப்பெண்ணும் ஆங்கிலமும் அடுத்த கட்டத்தில் பார்க்கப்படும். தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் குறைவு என்பதால், அதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

அதனால் செய்த நிகழ்ச்சிகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஒலிபரப்பானதை நிலையம் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு அழித்துவிட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது. அனுமதி வாங்கி, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தான் செய்த பங்கு என்ன என்று இரண்டு வரி எழுதி, பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சொந்த யூடியூப் சேனலில் ஏற்றுவதானால் நிர்வாகத்திடமும் நாடகக் குழுவிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும்.

மேற்படிப்புக்கும் பி.காம். தடையில்லை. டெல்லி இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வானொலி, தொலைக்காட்சி இதழியல் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கட்டணம் அதிகம், உதவித்தொகை பற்றி முதலிலேயே விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல், புதுவையில் மக்கள் தொடர்பியல் இருக்கின்றன. நாடகம்தான் ஆசை என்றால் அதே புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. தகுதியும் தேர்வு முறையும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சி.ஏ. பற்றி உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் பதிவு செய்யலாம். ஆக, அந்தக் கதவு இப்போது மூடவில்லை. இரண்டாண்டு கழித்து அவளே மனம் மாறினாலும் திறந்திருக்கும். அதற்கு மதிப்பெண் குறையக் கூடாது. அரியரை அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிட வேண்டும். 75 சதவீத வருகைப் பதிவில் ஓ.டி. கடிதத்தை (கல்லூரி வேலையாகப் போனதால் வகுப்புக்கு வரவில்லை என்ற கடிதம்) நம்பி விளையாடக் கூடாது. செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து ரேடியோ ரூம் பக்கம் போகமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் உத்தரவு போட்டால் ரகசியமாகப் போவாள்.

அடுத்த லீவில் வீட்டுக்கு வரும்போது, அவள் தனியாகச் செய்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் பார்க்காத அந்த நாடகம் என்ன, அதில் என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்தால் அவள் வேலை கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்றால், இன்னும் ஆறு மாதம் எடிட்டிங் மேசையில் உட்காரச் சொல்லுங்கள், மைக் அப்புறம். மூன்று நிகழ்ச்சியே இல்லை என்று சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்.

விலை உயர்ந்த ரெக்கார்டர் வேண்டும் என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். கல்லூரியில் இருப்பதும் அவளுடைய போனும் போதும். காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள், எடிட்டிங்குக்கு அது இல்லாமல் முடியாது.