ஸ்கிம், ஸ்கேன், ப்ரவுஸ், பெரூஸ்: எல்லாமே ‘படித்தல்’தானா?

கேள்வி: ஸ்கிம், ஸ்கேன், ப்ரவுஸ் மூன்றுக்கும் என் ஆங்கிலம்–தமிழ் அகராதி ‘மேலோட்டமாகப் படித்தல்’ என்றே சொல்கிறது. பெரூஸ் என்ற சொல்லுக்கோ ‘கவனமாகப் படித்தல்’, ‘மேலோட்டமாகப் பார்த்தல்’ என்று நேரெதிரான இரண்டு பொருள் போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: அகராதியில் பிழை இல்லை. இருமொழி அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு வரிதான் இடம். படிப்பவர் எதற்காகப் படிக்கிறார் என்பது அந்த வரியில் விடுபட்டுவிடுகிறது. இந்தச் சொற்களுக்கு அதுதான் உயிர்.

ஸ்கிம் என்றால் பாலின் மேல் படியும் ஆடையை வழித்தெடுப்பது. படிப்பிலும் அதேதான்: கட்டுரை முழுவதையும் வேகமாக ஓட்டி, சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்கேன் செய்பவருக்குச் சாரம் தேவையில்லை. ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு எண் என்று தேடுவது முன்பே தெரியும்; கண் அதை மட்டும் துழாவுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஃபார்’ அடிக்கடி வரும். இதன் லத்தீன் வேர் ‘ஏறுதல்’ என்று பொருள்படும். செய்யுளை அடியடியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு, அதாவது நாம் அலகிடுதல் என்கிறோமே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் இது முதலில் வழங்கியது. அப்புறம் ‘கூர்ந்து ஆராய்தல்’ ஆனது. ‘சட்டென்று கண்ணோட்டுதல்’ அதற்கும் பின்னால் வந்தது. பழைய நூல்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கூர்ந்து ஆராயும் பொருளையே முதலில் பொருத்திப் பாருங்கள்.

ப்ரவுஸ் முதலில் ஆடுமாடுகளுக்கு உரிய சொல். தளிரை அங்கங்கே கடித்து மேய்வது. நம்மிடமும் ‘நுனிப்புல் மேய்தல்’ இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கண்டிப்பு ஒலிக்கிறது. ப்ரவுஸில் அந்தக் குறை தொனிப்பதில்லை. எது பிடிக்கிறதோ அங்கே நிற்கலாம், அவ்வளவுதான். மொழிபெயர்க்கும்போது ‘நுனிப்புல்’ போட்டால் எழுதியவர் சொல்லாத பழியை நாம் சேர்த்துவிடுவோம்.

சரி, பெரூஸ். இதன் முற்பகுதி ‘முழுவதும்’ என்ற பொருள் தருவது. முழுதாகப் பயன்படுத்தித் தீர்ப்பது என்பதிலிருந்து ‘ஊன்றிப் படித்தல்’ வந்தது. நாளடைவில் சும்மா புரட்டிப் பார்ப்பதற்கும் மக்கள் இதைச் சொன்னார்கள். மக்கள் வழங்குவதைப் பதிவு செய்வதுதான் அகராதியின் வேலை, அதனால் இரண்டுமே இடம்பெற்றன. படிக்கும்போது பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பெரூஸ் செய்தார் என்றால் ஊன்றிப் படித்தார் என்று கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தில் பத்திரிகையைப் பெரூஸ் செய்தார் என்றால் புரட்டினார் என்பதே பொருந்தும். அலுவல் கடிதத்தில் ‘ஃபார் யுவர் பெரூசல்’ என்று வந்தால் ‘தங்கள் பார்வைக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்களே எழுதும்போது பெரூஸைத் தவிர்ப்பது நல்லது. படிப்பவர் எந்தப் பொருளை எடுப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. ஊன்றிப் படித்ததைச் சொல்ல ‘போர் ஓவர்’ இருக்கிறது, அதில் குழப்பமே வராது. எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம்: பி, ஓ, ஆர், ஈ. நடுவில் ‘யு’ வந்தால் புத்தகத்தின் மேல் தண்ணீர் ஊற்றியதாகிவிடும்.